பிளஸ் ஒன்றரைக்கு வேர் இல்லை

நான் இன்னும் சரி என்று சொல்லவே இல்லையே, அதற்குள் இந்தத் தலை ஏன் ஆடியது? கழுத்துக்கு மேலே இருப்பது என் தலைதானா, இல்லை யாருக்காவது வாடகைக்கு விட்டிருக்கிறேனா?

அவள் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலை இன்னொரு முறை ஆடிவிட்டது. எதிரே நின்ற அண்ணிக்கு அது போதும்.

"பார்த்தியா, நீ புரிஞ்சுக்குவேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "நாளைக்குக் காலையில ஆளுங்க வர்றாங்க. செடியப் பிடுங்கிட்டு, தரையச் சமன் பண்ணி, டைல்ஸ் போட்டுட்டா கார் ஜம்முனு உள்ள வந்து நிக்கும். செடிதானே, அது எங்க வேணும்னாலும் நிக்கும். கார் நிக்குமா?"

அண்ணி என்றால் கணவரின் அக்கா. வீட்டின் கீழ்த்தளமும், வாசலுக்கு முன்னால் இருந்த துண்டு நிலமும் அண்ணியுடையவை. மேல்தளத்தில் அவளும் கணவரும் மாமனாரும் இருந்தார்கள். பாகம் பிரித்தபோது ஒரு சத்தமும் இல்லாமல் எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் புகழ்வார்கள். அந்தச் சுமுகத்தில் முக்கால்வாசி அவள் தலையாட்டியதால் வந்தது.

அவளிடம் 'முடியாது' என்ற சொல் இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் எப்போதும் நேரம் கழித்துத்தான் வந்து சேரும். ஆள் போய், கதவைச் சாத்தி, பாத்திரம் கழுவ ஆரம்பித்த பிறகு, மூச்சிரைக்க ஓடி வந்து நிற்கும். அன்றைக்கும் அப்படித்தான். மூன்றாவது தட்டைக் கழுவும்போது "முடியாது அண்ணி, அது என் செடி" என்று மிகத் தெளிவாகச் சொன்னாள். தட்டு மட்டும் கேட்டுக்கொண்டது.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தச் செடி தெரியும். செம்பருத்திதான், ஆனால் அதன் போக்கே தனி. பூ காலையில் வெளிர்மஞ்சளாக விரியும். மதியம் ஆரஞ்சாகும். மாலையில் அவள் வேலை முடிந்து திரும்பும்போது, நாள் முழுக்க யாருடனோ சண்டை போட்டதுபோல முகம் சிவந்து நிற்கும். இப்படியொரு ரகத்தை எந்த நாற்றுப்பண்ணையிலும் அவள் பார்த்ததில்லை. கேட்டால், "அப்படியெல்லாம் கிடையாதும்மா, கண்ணை ஒருதடவை காட்டிடுங்க" என்றார்கள். அவளிடமே சொன்னார்கள். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கோணிப்போன மூக்குக்கண்ணாடியை அவள் நிமிர்த்திக் கொடுத்ததற்காக, வாடிக்கையாளர் ஒருவர் கைப்பைக்குள்ளிருந்து ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவள்தான் கொண்டுவந்து நட்டாள். அந்த வழியாகப் போன அண்ணி, கை கழுவியது போக மிச்சமிருந்த அரைக் குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். செடி பிழைத்தது. அன்றிலிருந்து அது 'அண்ணி கைராசியில வந்த செடி'. "இவ கை வச்சா பிளாஸ்டிக் பூவும் வாடிடும்" என்று அண்ணி சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்தபின் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டாள். அதுதான் அவளிடம் உள்ள கெட்ட பழக்கம். அடுத்தவர் விளையாட்டுக்குச் சொன்னதைக்கூடப் பத்திரமாக எடுத்து உள்ளே வைத்துக்கொள்வாள்.

அந்த வீட்டுக்குள் யாரையும் கேட்காமல் அவள் கொண்டுவந்த ஒரே பொருள் அந்தக் குச்சி. அது நாளைக் காலை போய்விடும்.

பாத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, வெளிச்சம் மங்குவதற்குள் கீழே இறங்கினாள். கடையில் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட்டால் பிளேடைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். நுனியில் இருக்கும் பச்சைத் தண்டு அழுகிவிடும். அடியில் இருக்கும் மரத்தண்டு அசையவே அசையாது. இரண்டுக்கும் நடுவில், பென்சில் கனத்தில், பாதி பச்சையும் பாதி பழுப்புமாக இருக்கும் தண்டுதான் வேர் விடும். 'என் வயசுத் தண்டு' என்று நினைத்துக்கொண்டாள். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக ஒரு வெட்டு, மேல்முனையில் நேராக ஒரு வெட்டு. கீழ் இலைகளை உருவிப்போட்டு, மேலே இரண்டை மட்டும் விட்டு, அவற்றையும் குறுக்கே பாதியாக நறுக்கினாள். தேறியது பதினான்கு குச்சிகள்.

மறுநாள் அவள் கடைக்குக் கிளம்பும் முன்பே ஆட்கள் வந்து செடியை வேரோடு எடுத்துவிட்டார்கள். அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை.

பதினான்கு குச்சிகளையும் வேர் பிடிக்க உதவும் பொடியில் தோய்த்து, மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்து நிரப்பிய பிளாஸ்டிக் தம்ளர்களில் நட்டாள். ஒவ்வொன்றின் மேலும் அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் குடைபோலக் கவிழ்த்தாள். வேர் இல்லாத குச்சியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, காற்றில் ஈரம் இருந்தால்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஈரம் குறையாத இடம் குளியலறை. மங்கல் கண்ணாடி போட்ட ஜன்னல், கொஞ்சம் வெளிச்சம், நிறைய ஆவி. ஜன்னல் மேடையில் எட்டு, கண்ணாடி அலமாரி மேல் நாலு, துணி சோப்பு வைக்கும் தட்டில் இரண்டு என்று குடியேற்றினாள்.

அடையாளம் வைக்க வேண்டுமே. கடையில் லென்ஸ் உறையில் ஒட்டும் பவர் ஸ்டிக்கர்கள் பழைய கட்டு ஒன்று கைப்பையில் கிடந்தது. ஒவ்வொரு தம்ளரிலும் ஒன்று ஒட்டினாள். இப்படித்தான் குச்சிகளுக்குப் பிளஸ் ஒன்றரை, மைனஸ் இரண்டேகால், மைனஸ் ஆறு என்றெல்லாம் பெயர் வந்தது. கடைசித் தம்ளருக்கு ஸ்டிக்கர் எடுத்தபோது பவரே இல்லாத வெறும் கண்ணாடிக்கு ஒட்டும் 'பிளேன்' வந்தது. அதையும் ஒட்டினாள்.

"இனிமே வெந்நீர்லதான் குளிக்கணும்" என்று வீட்டில் அறிவித்தாள். "கதவைச் சாத்திக்கிட்டு, மெதுவா. ஜன்னலத் திறக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம் குளிக்கணும்?" என்றார் கணவர்.

"ஆவி நல்லா கட்டுற வரைக்கும்."

"எனக்கு இல்ல, அதுங்களுக்குத்தான் குளியல்னு சொல்லு."

"அம்மாடி, எனக்கு வெட்கமா இருக்கு" என்றார் மாமனார். "பதினாலு பேர் பார்த்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு."

"பார்க்கட்டும் மாமா, அதுக்கெல்லாம் கண்ணு இல்ல."

"கண்ணு இல்லாமலா பிளஸ், மைனஸ்னு நம்பர் போட்டு வச்சிருக்க?"

மாமனார் ஓய்வுபெற்ற தச்சர். மேசை, நாற்காலி செய்தவர். கணவர் லிஃப்ட் ஆய்வாளர். ஊரில் உள்ள லிஃப்டுகள் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். கம்பியை இழுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாத ஆள். நாற்காலியில் உட்காரும் முன் அசைத்துப் பார்ப்பார். தேநீர்க் கோப்பையை வாயில் வைக்கும் முன் அதன் பிடி உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பார். தேநீர் ஆறிப்போயிருக்கும், ஆனால் பிடி உறுதியாக இருக்கும்.

எட்டாம் நாள் மைனஸ் ஆறு போய்விட்டது. அடித்தண்டு கறுத்து, தொட்டால் கூழாக இருந்தது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் குறைத்தாள். பத்தாம் நாள் பிளஸ் மூன்று காய்ந்துபோனது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூட்டினாள். பன்னிரண்டாம் நாள் இரண்டு ஒன்றாகப் போயின. வெளிச்சம் பட்டதாலோ என்று மங்கல் ஜன்னலுக்கு மேலும் ஒரு தாளை ஒட்டினாள். குளியலறை இருட்டானது. மாமனார் ஷாம்புவால் பல் தேய்த்தார்.

இலை உதிர்ந்தால் அவளுக்குப் பயமில்லை. குச்சி, வேருக்காக இலையை உதறிவிடுவது உண்டு. தண்டு கறுப்பதுதான் பயம். தினமும் காலை எழுந்ததும் முதல் வேலையாகப் போய்க் குனிந்து பார்ப்பாள். தேறாத குச்சியை எடுத்துக் குப்பையில் போடும்போது, ஒருவரும் பார்க்காதபடி ஒரு காகிதத்தில் சுற்றிப் போட்டாள். ஏன் மறைக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் உடனே வந்தது: எண்ணிக்கை குறைவது தெரிந்தால் அண்ணி சொன்னது சரி என்றாகிவிடும்.

கடையில் ஒருவர் மூக்கில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது தன் விரல்களையே பார்த்தாள். சாதாரண விரல்கள். அரை மில்லிமீட்டர் கோணலைக்கூடத் தொட்டே கண்டுபிடிக்கும். இதில் எந்த இடத்தில் ராசி இல்லாமல் போனது? கட்டைவிரலிலா?

"மேடம், காது வலிக்குது" என்றார் வாடிக்கையாளர்.

இருபதாம் நாள் மிச்சமிருந்தவை நான்கு. பிளஸ் ஒன்றரை, மைனஸ் அரை, மைனஸ் இரண்டேகால், பிளேன்.

இருபத்தோராம் நாள் காலை கடைக்குக் கிளம்பித் தெருமுனை வரை போனவள், கடைச் சாவியை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கணவர், இடுப்பில் துண்டு, பாதி முகத்தில் சவர நுரை. இடது கையில் டார்ச் விளக்கு. வலது கையில் பிளஸ் ஒன்றரை. தம்ளரோடு இல்லை. குச்சி மட்டும். அதன் அடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லையே" என்றார், குச்சியோடு.

"கையில என்ன?"

"இதுவா? இது... பிளஸ் ஒண்ணரை."

"அது எப்படி வெளிய வந்துச்சு?"

அவர் கண்ணாடி அலமாரியில் தன் சவரச் சாமான் பக்கத்துக் கதவைத் திறந்தார். உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவருடைய அழகான கையெழுத்தில் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. தேதி, குச்சி, நிலை. மைனஸ் ஆறு: வேர் இல்லை. பிளஸ் மூன்று: வேர் இல்லை. பிளஸ் ஒன்றரை: வேர் இல்லை, மறு ஆய்வு நாளை. பிளஸ் ஒன்றரை: வேர் இல்லை, மறு ஆய்வு நாளை. பிளஸ் ஒன்றரைக்கு மட்டும் பதினேழு முறை வேர் இல்லை.

"தினமுமா பிடுங்கினீங்க?"

"ஞாயித்துக்கிழமை லீவு."

"பதினாலையும்?"

"பிளஸ் ஒண்ணரையத் தினமும். மத்ததெல்லாம் சுழற்சி முறையில. ஒரு நாளைக்கு எல்லாத்தையும் பார்க்க நேரம் ஏது, எனக்கும் ஆபீஸ் இருக்குல்ல?" சவர நுரை உதட்டுக்கு வழிந்தது. குரல் தாழ்ந்தது. "இங்க பாரு, நானே எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மனசுக்குள்ளயே வச்சிருந்தேன். நீ ஆசைப்பட்டு வச்சிருக்க. ஒரு முன்னேற்றமும் இல்ல. உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நானே தாங்கிக்கிட்டேன்."

"தினமும் பிடுங்கினா வேர் எப்படிங்க வரும்?"

"அந்தச் சந்தேகம் எனக்கும் வந்துச்சு."

"வந்துச்சா?"

"ஆமா. ஆனா அது சரியா தப்பான்னு தெரியணும்னா பிடுங்கிப் பார்த்தாத்தானே தெரியும்?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுப் பின்னால் மாமனார் வந்து நின்றார், தோளில் துண்டோடு.

"மாட்டிக்கிட்டானா?" என்றார். "அம்மாடி, அப்ப நானும் சொல்லிடறேன். மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. ஒருநாள் இவன் போன் வந்துச்சுன்னு ஒரு குச்சியை வாஷ்பேசின் மேலயே போட்டுட்டு ஓடிட்டான். ஐயோ பாவம், விழுந்து கிடக்கேன்னு நான்தான் எடுத்து நட்டேன்."

"நல்லதுதானே மாமா செஞ்சீங்க."

"ஒரு முனை கோணலா இருந்துச்சு. இன்னொரு முனை தட்டையா இருந்துச்சு. கோணல் முனைய உள்ள விட்டா நிக்குமா? நாற்பது வருஷமா நாற்காலிக்குக் கால் வச்சவன் நான். தட்டையானதுதான் கீழ போகணும். நல்லா அமுக்கி நிக்க வச்சேன். துளி ஆடல."

"தலைகீழா நட்டுட்டீங்க."

"அதுக்குத் தலை எது கால் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இலையெல்லாம் கொட்டிப்போய் ரெண்டு பக்கமும் குச்சியா இருந்துச்சு."

"ஒண்ணுதானே?"

மாமனார் கூரையைப் பார்த்தார். "இவனுக்கு அடிக்கடி போன் வரும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து அண்ணி மாடியேறி வந்தாள். "என்ன இங்க கூட்டம்? யாராவது வழுக்கி விழுந்துட்டாங்களா?"

"இல்ல பாப்பா, விசாரணை நடக்குது" என்றார் மாமனார். அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான். "குச்சி ஏன் செத்துச்சுன்னு."

"மூச்சு முட்டித்தான்" என்றாள் அண்ணி உடனே. "எத்தனை தடவை நான் வந்து அந்தப் பாட்டில் மூடியெல்லாம் கழட்டி வச்சேன். நான் போனதும் மறுபடி யாரோ மூடிடறீங்க. உயிருள்ள பொருள இப்படியா அடைச்சு வைப்பாங்க?"

"நீங்க எப்ப அண்ணி வந்தீங்க?"

"நீ கடைக்குப் போனதும். எங்க மோட்டார் ரிப்பேர்ல, இங்கதானே குளிக்கிறேன் பத்து நாளா. உனக்குத் தெரியாதா? சரி, விடு. ஈரம் எல்லாம் வெளிய போகட்டும்னு ஜன்னலையும் திறந்து வைப்பேன்."

நான்கு பேரும் அந்தக் குளியலறையில் நின்றார்கள். ஒருவர் பிடுங்கியவர், ஒருவர் தலைகீழாக நட்டவர், ஒருவர் காற்றோட்டம் கொடுத்தவர். அத்தனை பேரும் நல்ல எண்ணத்தோடு, அவளுக்காக, முறைவைத்துக்கொண்டு செய்திருந்தார்கள்.

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. கணவர் பயந்துபோய், குச்சியைத் திரும்ப நடலாமா வேண்டாமா என்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சிரித்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ ஒன்று மெதுவாகத் தளர்ந்தது. இரண்டு வாரமாக அவள் தன் கையைச் சந்தேகப்பட்டாள். தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள், குப்பையை மறைத்தாள். பன்னிரண்டு வருடமாக ஒரு வேடிக்கைப் பேச்சைச் சுமந்துகொண்டிருந்தாள். இவ்வளவு பேர் பாடுபட்டும் நான்கு குச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதே, அது எந்தக் கையால்? சிரிப்பு அடங்கியபோது அதன் அடியில் கோபம் இருந்தது. பெரிய கோபம் இல்லை. ஒரு கை நனைக்கும் அளவு. ஆனால் அவளுடையது.

கடைக்கு லீவு சொன்னாள். பிளஸ் ஒன்றரை உட்பட நான்கையும் புதிதாக நட்டாள். பிறகு கணவரின் வேலைப் பையைத் திறந்து நான்கு சிவப்பு அட்டைகளை எடுத்தாள்.

பழுதான லிஃப்டில் கம்பி போட்டு முறுக்கிக் கட்டும் அட்டைகள் அவை. 'ஆய்வு முடியும் வரை தொடக் கூடாது' என்று அச்சடித்து, கீழே கட்டியவர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கும். கட்டியவரே வந்து கையெழுத்துப் போட்டு அவிழ்க்கும் வரை, அதிகாரியே ஆனாலும் கை வைக்கக் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். அவர் அதில் எவ்வளவு கறார் என்றால், ஒருமுறை சக ஊழியர் தவறுதலாகக் கட்டிவிட்டுப் போன அட்டை தவறு என்று தெரிந்தும், அதைத் தொடாமல் பதினோரு மாடி படியேறிப் போனார். இறங்கும்போதும் படிதான்.

நான்கு தம்ளர்களிலும் அட்டையைக் கட்டி, கோட்டின்மேல் தன் பெயரைக் கையெழுத்திட்டாள். தேதியும் போட்டாள்.

மாலை அவர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம ஆபீஸ் அட்டை."

"ஆமா."

"வீட்டு உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது."

"அப்ப அவிழ்த்துடுங்க."

அவர் கை பாதி தூரம் போயிற்று. அட்டைக்கு நாலு விரல்கடை தூரத்தில் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்தது. திரும்பி வந்தது. "கட்டினவங்க கையெழுத்து இல்லாம எப்படி அவிழ்க்கிறது?" என்றார் பரிதாபமாக.

அதன்பிறகு அவள் காவல் காக்க வேண்டியிருக்கவில்லை. அவரே காவலானார். "அப்பா, தள்ளி நில்லுங்க, சீல் வச்சிருக்கு." "அக்கா, மூடியில கை வைக்காத, சட்டப்படி தப்பு." அண்ணி, "எந்த ஊர் சட்டம்டா?" என்றால், "லிஃப்ட் சட்டம்" என்பார். அண்ணி தன் மோட்டாரை மறுநாளே சரிசெய்துகொண்டாள்.

அப்படியும் மைனஸ் அரை போயிற்று. மைனஸ் இரண்டேகாலும் போயிற்று. மாட்டிக்கொண்ட நாளையும் சேர்த்துப் பதினெட்டு முறை பிடுங்கப்பட்ட பிளஸ் ஒன்றரை, ஒரு வாரம் பச்சையாக இருந்து எல்லோருக்கும் நம்பிக்கை கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை படுத்துவிட்டது. கணவர் அன்று சாப்பிடவில்லை. அட்டவணையில் அதன் பெயருக்கு நேரே எதையும் எழுதாமல் கட்டத்தை வெறுமையாக விட்டார்.

மிச்சம் பிளேன் மட்டும்.

அவள் தினமும் அதைக் குனிந்து பார்த்தாள். போனால் போகட்டும் என்று நினைக்க முயன்றாள். முடியவில்லை. போகக் கூடாது என்று நினைத்தாள். இப்படி ஒரு பொருளைத் தனக்கென்று வேண்டி எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தாள். எண்ணுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை.

ஆறாவது வாரம் ஒரு நாள், கடையில் ஒரு அம்மாவின் மூக்கில் கண்ணாடியை வைத்துக் காதோரம் வளைத்துக்கொண்டிருந்தபோது கணவர் போன் செய்தார். கிசுகிசுத்தார்.

"நான் தொடல."

"என்னது?"

"முதல்லயே சொல்லிடறேன், தொடல. கையப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் குனிஞ்சேன். அப்பா சாட்சி." பின்னணியில் மாமனார் "ஆமா, ஆமா" என்றார். "தம்ளர் பக்கவாட்டுல, கண்ணாடி மாதிரி தெரியுதுல்ல, அங்க வெள்ளையா ஒண்ணு. நூல் மாதிரி. பக்கத்துல இன்னொண்ணு."

அவள் விரல்கள் அந்த அம்மாவின் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டன.

"கேட்குதா? வேர். ரெண்டு வேர். நான் தொடவே இல்ல."

"ஏன் கிசுகிசுன்னு பேசறீங்க?"

"அதுக்குக் கேட்டுடப் போகுது."

"ஏம்மா, இது என் மூக்குதான், கொஞ்சம் விடறியா?" என்றார் அந்த அம்மா.

மாலை வீட்டுக்குப் போய் அவளும் பார்த்தாள். அட்டையில் கையெழுத்திட்டு அவிழ்த்தாள். பாட்டிலை ஒரே நாளில் எடுக்காமல், முதலில் மூடியைத் திறந்து, பிறகு ஒரு மணிநேரம், பிறகு அரை நாள் என்று வெளிக்காற்றுக்குப் பழக்கினாள். தொட்டிக்கு மாற்றினாள். மாடி ஜன்னலோரத்தில், வெயில் சாய்ந்து விழும் இடத்தில் வைத்தாள். இலை ஆறானது, பத்தானது. நான்கு மாதம் கழித்து ஒரு மொட்டு வந்தது. அது விரிந்த நாளில் மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு மணிக்கு ஒருதரம் போய்ப் பார்த்தார்கள். காலையில் மஞ்சள். பன்னிரண்டு மணிக்கு ஆரஞ்சு. மாமனார் ஐந்து மணிக்குச் சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.

அது சிவக்க ஆரம்பித்தபோது அண்ணி மேலே வந்தாள். பூவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கீழே டைல்ஸ் வெயிலில் கொதிக்கிறது, காருக்குள் உட்கார முடியவில்லை, வருகிறவர்கள் எல்லாம் நிறம் மாறுமே அந்தச் செடி எங்கே என்று கேட்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"நம்ம செடி பிழைச்சுடுச்சு பார்த்தியா" என்றாள். "இத இப்படி ஜன்னல்ல வச்சு யாருக்குத் தெரியப் போகுது? கீழ கொடுத்துடு. கேட்டுக்குப் பக்கத்துல பெரிய தொட்டி வாங்கி வைக்கிறேன். நீ மேலேர்ந்து பார்த்துக்கோ, கடைக்குப் போறப்ப வர்றப்ப பார்த்துக்கோ. யார்கிட்ட இருந்தா என்ன, ஒரே வீடுதானே?"

கணவர், வழக்கம்போல இதுவும் முடிந்த விஷயம்தான் என்று நினைத்தோ என்னவோ, தொட்டியின் இரு பக்கமும் கைகொடுத்துக் கனம் பார்த்தார். மாமனார் எழுந்துபோய் மாடிப்படிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அண்ணி வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அண்ணிமேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. கொதிக்கும் டைல்ஸ்மேல் ஒரு காரோடு தனியாக நிற்கும் ஆள். காரணம் சொல்லலாம் என்று தோன்றியது: அது இன்னும் சின்னச் செடி, இடம் மாற்றினால் தாங்காது, அடுத்த வருடம் பார்க்கலாம். எல்லாம் வாயருகே வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள்.

"இல்ல அண்ணி" என்றாள். "இது இங்கயே இருக்கட்டும்."

"கீழ வெயில் நல்லா வருமே?"

"வரும்."

"பெரிய தொட்டி வாங்கறேன்னு சொல்றேன்."

"கேட்டுச்சு அண்ணி."

அண்ணி இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். மாமனார் கதவைப் பிடித்தபடியே இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப தர மாட்டியா?"

"மாட்டேன் அண்ணி" என்றாள் அவள், மெதுவாக. பிறகு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்ற கணவரைப் பார்த்தாள். "அத எடுத்த இடத்துலயே வச்சுடுங்க."

அவர் வைத்தார்.